‘முதுகு’ன்னு ஒரு பட்டன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "ஒண்ணுக்கு மேல மொழி வச்சு வெப்சைட் நடத்தறவங்க உங்க தலைவலியை எழுதி அனுப்புங்க"ன்னு ஒரு வரி போட்டாலும் போட்டேன், மெயில் குவிஞ்சு போச்சு. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேத்து, சுருக்கி, பேரை எடுத்துட்டுப் போட்டிருக்கேன். சில கேள்விக்கு ரெண்டு வரிதான் பதில், கோவிச்சுக்காதீங்க, அதுக்கு அவ்வளவுதான் சரக்கு.

கேள்வி: சார், இங்கிலீஷ்ல ஒரு சைட் ஓடிக்கிட்டிருக்கு. இப்ப தமிழும் ஃபிரெஞ்சும் சேக்கணும். தனி டொமைன் வாங்கறதா, சப்டொமைனா, இல்ல ஸ்லாஷ் போட்டு ஃபோல்டரா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, மண்டை காயுது.

மூணுமே வேலை செய்யும், ஆனா உங்களுக்கு ஃபோல்டர்தான். டொமைன் பேருக்கு அப்புறம் ஸ்லாஷ் டிஏ போட்டா தமிழ், ஸ்லாஷ் எஃப்ஆர் போட்டா ஃபிரெஞ்ச், முடிஞ்சுது. ஒரே ஹோஸ்டிங், ஒரே எஸ்எஸ்எல் (பாதுகாப்புச் சான்றிதழ்), ஒரே லாகின். சப்டொமைன் (டொமைன் பேருக்கு முன்னாடி எஃப்ஆர் டாட்னு வைக்கறது) எப்ப நல்லதுன்னா, ஃபிரெஞ்ச் பக்கத்தை வேற ஒரு டீம் வேற சர்வர்ல வச்சுப் பாத்துக்கறப்ப. டாட் எஃப்ஆர் மாதிரி நாட்டு டொமைன் வாங்கணும்னு யாராவது சொன்னா ஒண்ணு கேளுங்க: அது ஃபிரான்ஸுக்கா, ஃபிரெஞ்சுக்கா? கனடாவுலயும் பெல்ஜியத்துலயும் ஃபிரெஞ்ச் பேசறவங்க இருக்காங்க, டாட் எஃப்ஆர்னு பாத்தா இது நமக்கு இல்லன்னு நினைச்சுப் போயிடுவாங்க. நாடு வேற, மொழி வேற, இதைப் போட்டுக் குழப்பிக்கறதுதான் பாதி பிரச்சனைக்குக் காரணம்.

செய்யக் கூடாதது ஒண்ணுதான். ஒரே அட்ரஸை வச்சுக்கிட்டு, குக்கீயைப் பாத்து உள்ள இருக்கற மொழியை மட்டும் மாத்தறது. நீங்க தமிழ்ல படிச்சு ரசிச்சுட்டு லிங்க்கை ஃப்ரெண்டுக்கு அனுப்புவீங்க, அங்க இங்கிலீஷ்ல திறக்கும், "என்னய்யா அனுப்பியிருக்க"ன்னு கேப்பாரு. சர்ச் எஞ்சினுக்கும் அதே கதிதான், அது பாக்கற அட்ரஸ் ஒண்ணு, அதுல கிடைக்கற மொழி ஒண்ணு, தமிழ்னு ஒரு பக்கம் இருக்குன்னே அதுக்குத் தெரியாது. அட்ரஸுக்குப் பின்னாடி கேள்விக்குறி போட்டு லாங் ஈக்வல்டு டிஏன்னு வைக்கறது இதை விடப் பரவாயில்ல, ஆனா கூகுள் அதையும் வேண்டாம்னுதான் சொல்லுது.

கேள்வி: வர்றவங்க எந்த நாட்டுல இருந்து வர்றாங்கன்னு ஐபி வச்சுக் கண்டுபிடிச்சு, தானா அந்த மொழிக்குத் திருப்பி விட்டுட்டேன். நல்ல ஐடியான்னு நினைச்சேன். இப்ப கூகுள்ல தமிழ்ப் பக்கமே வர மாட்டேங்குது, ஏன்?

ஏன்னா பக்கங்களைப் படிச்சுச் சேக்க கூகுள் அனுப்பற ரோபோவான கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபியில இருந்துதான் வருது. உங்க கோட் அதைப் பாத்ததும் "ஓ, அமெரிக்காவா, இங்கிலீஷுக்குப் போ"ன்னு தள்ளி விடுது. தமிழ்ப் பக்கத்தோட வாசலுக்கு வந்தும் உள்ள விடாம அனுப்பிட்டு, ஏன் வரலன்னா எப்படி? சரி, ப்ரவுசர் அனுப்பற அக்செப்ட் லாங்குவேஜ் ஹெட்டரைப் பாத்தா என்னன்னு கேக்கறீங்களா, கூகுள்பாட் அந்த ஹெட்டரையே அனுப்பறதில்ல.

மனுஷங்க விஷயத்துலயும் இது தப்புதான். தமிழ் படிக்கறவர் ஜெர்மனியில இருக்கலாம், விபிஎன் போட்டிருக்கலாம், ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல ப்ரவுசர் இங்கிலீஷ்ல இருக்கலாம். அவரே தமிழ்னு தேடி கிளிக் பண்ணி வந்தவரை ஜெர்மன் பக்கத்துக்குத் தூக்கிப் போட்டா கடுப்பாக மாட்டாரா? ரீடைரக்டை எடுத்துட்டு, மேல சின்னதா ஒரு பட்டை காட்டுங்க, "இந்தப் பக்கம் தமிழிலும் இருக்கு"ன்னு, அதையும் தமிழ்லயே எழுதுங்க. ஒரு தடவை வேண்டாம்னு மூடினா மறுபடி காட்டாதீங்க.

கேள்வி: மொழி மெனுவுல நாட்டுக் கொடி வைக்கலாமா? பாக்க அழகா இருக்கு.

வேண்டாம். தமிழுக்கு எந்தக் கொடியை வைப்பீங்க, முதல்ல அதைச் சொல்லுங்க. ஸ்பானிஷுக்கு? அரபிக்கு? மொழிப் பேரை அந்தந்த எழுத்துலயே எழுதுங்க, தமிழ்னா "தமிழ்"னு. தமிழ் மட்டும் தெரிஞ்சவங்க இங்கிலீஷ் எழுத்துல இருக்கற வார்த்தையைத் தேடிக் கண்டுபிடிச்சாத்தான் தமிழ்ல படிக்க முடியும்னா அதுல என்ன நியாயம்?

கேள்வி: வேர்ட்பிரஸ்ல தமிழ்த் தலைப்பு போட்டா லிங்க் ஒரு முழம் நீளத்துக்கு பர்சென்ட் குறியா வருது, அதுவும் பாதியில வெட்டுப்பட்டு நிக்குது. பிளக்இன் பிரச்சனையா?

பிளக்இன் பாவம், அதை விட்டுடுங்க. இது கணக்கு. எழுத்தைக் கம்ப்யூட்டர் சேமிக்கற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியும் 3 பைட். லிங்க்ல போறப்ப ஒவ்வொரு பைட்டும் ஒரு பர்சென்ட் குறி, ரெண்டு எழுத்துன்னு 3 இடம் எடுக்கும், ஆக ஒரு குறிக்கு 9 இடம். இதுல கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனி குறி. "மொழிபெயர்ப்பு"ன்னு எழுதிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியறது 7 எழுத்து, உள்ள 13 குறி, லிங்க்ல 117 இடம். லிங்க்ல தலைப்பு வர்ற பகுதிக்கு ஸ்லக்னு பேரு, வேர்ட்பிரஸ் அதுக்குக் குடுக்கற இடமே மொத்தம் 200தான். அதாவது 22 குறி, ரெண்டு சுமாரான தமிழ் வார்த்தை. மூணாவது வார்த்தை வர்றதுக்குள்ள கத்தி விழுந்துடும்.

அதனால ஸ்லக்கை மட்டும் கையால போடுங்க, ரெண்டு வார்த்தை தமிழ்லயோ, இல்ல உச்சரிப்பை அப்படியே ரோமன் எழுத்துலயோ. தமிழ் ஸ்லக்னால கூகுள்ல குறை ஒண்ணும் வராது, ஆனா வாட்ஸ்அப்ல காப்பி பண்ணிப் போடறப்ப அந்த பர்சென்ட் பட்டாளம் பயமுறுத்தும், ஏதோ வைரஸ்னு நினைச்சு கிளிக் பண்ணாதவங்களை நானே பாத்திருக்கேன். ஏற்கனவே போட்ட பழைய லிங்க்கை மாத்தறதா இருந்தா 301 ரீடைரக்ட் (பழைய லிங்க்குக்கு வர்றவங்களை நிரந்தரமா புதுசுக்குத் திருப்பி விடறது) வைக்காம மாத்தாதீங்க.

கேள்வி: ஹெச்ரெஃப்லாங் போட்டிருக்கேன், ஆனா சர்ச்ல இன்னும் தமிழ் ஆளுங்களுக்கு இங்கிலீஷ் பக்கம்தான் காட்டுது. என்ன தப்பு?

ஹெச்ரெஃப்லாங்னா இந்தப் பக்கத்தோட வேற மொழி ஜோடி எங்க இருக்குன்னு சர்ச் எஞ்சினுக்குச் சொல்ற குறிப்பு. உங்க கோடைப் பாக்காம சொல்லணும்னா, எனக்கு வந்த மெயில்கள்ல திரும்பத் திரும்ப வர்ற தப்புகளைச் சொல்றேன், அதுல ஒண்ணு கண்டிப்பா உங்களோடது.

முதல்ல, ஒரு பக்கம் மட்டும் கை நீட்டறது. இங்கிலீஷ் பக்கம் "என் தமிழ் ஜோடி அங்க இருக்கு"ன்னு சொன்னா, தமிழ்ப் பக்கமும் "ஆமா, என் இங்கிலீஷ் ஜோடி இங்க இருக்கு"ன்னு திருப்பிச் சொல்லணும். சொல்லலைன்னா கூகுள் அந்தக் குறிப்பைக் கண்டுக்காம விட்டுடலாம், யாரோ வேற சைட்காரன் உங்க பக்கத்தைத் தன் ஜோடின்னு சொல்லிக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான். ஒவ்வொரு பக்கமும் தன்னையும் சேத்துச் சொல்லணும், இதையும் நிறைய பேர் விட்டுடறாங்க.

அடுத்தது கெனானிக்கல். தமிழ்ப் பக்கத்துல கெனானிக்கல் டேகை இங்கிலீஷ் பக்கத்துக்குக் காட்டி வச்சிருப்பீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னா "நான் வெறும் நகல், அசல் அங்க இருக்கு, என்னைக் கண்டுக்காத"ன்னு. ஒரு டேக்ல என்னைக் காட்டுன்னும் இன்னொரு டேக்ல என்னைக் காட்டாதன்னும் சொன்னா அது என்னதான் பண்ணும்? தமிழ்ப் பக்கத்தோட கெனானிக்கல் தமிழ்ப் பக்கமேதான்.

மூணாவது, மொழிக்கும் நாட்டுக்கும் போடற ரெண்டெழுத்துக் கோடு. ஜப்பானிய மொழிக்கு ஜேஏ, ஜேபி இல்ல, ஜேபி நாடு. பிரிட்டனுக்கு ஜிபி. நிறைய பேர் இஎன்-யூகேன்னு போட்டு வச்சிருக்காங்க, அப்படி ஒரு நாட்டுக் கோடே இந்தக் கணக்குல கிடையாது, மொழிக் கோடுல யூகேன்னா உக்ரேனிய மொழி! எந்த மொழியிலயும் அடங்காதவங்களுக்கு எக்ஸ்-டிஃபால்ட்னு ஒண்ணு இருக்கு, 2013ல வந்தது, அதையும் வச்சுடுங்க.

கேள்வி: வெப் ஆப் ஒண்ணு எழுதறேன். எல்லா வார்த்தையையும் ஒரு ஃபைல்ல போட்டு மொழிபெயர்ப்பாளர் கிட்ட குடுத்தேன், அவங்க "இதை இப்படி மொழிபெயர்க்க முடியாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வார்த்தைக்கு வார்த்தைதானே கேக்கறேன், அதுல என்ன கஷ்டம்?

அவங்க கையைப் புடிச்சுக் கும்பிடுங்க. வாயை மூடிக்கிட்டு மொழிபெயர்த்துக் குடுத்திருந்தா நீங்க ரிலீஸுக்கு அப்புறம் அழுதிருப்பீங்க.

உங்க ஃபைல்ல என்ன இருந்திருக்கும்னு என்னால கண்ணை மூடிக்கிட்டு சொல்ல முடியும். "டெலீட்டட்"னு ஒரு துண்டு, அதுக்கப்புறம் கோட்ல ஒரு நம்பர், அப்புறம் "ஃபைல்ஸ் ஃப்ரம்"னு இன்னொரு துண்டு, கடைசியில ஃபோல்டர் பேரு. இங்கிலீஷ்ல நாலும் ஒட்டிக்கிட்டு அழகா நிக்கும். தமிழ்ல ஃபோல்டர் முதல்ல வரும், நம்பர் நடுவுல வரும், நீக்கினது கடைசியில வரும், தலைகீழ். "ஃபைல்ஸ் ஃப்ரம்"ங்கற துண்டை மட்டும் கையில வச்சுக்கிட்டு அந்தம்மா என்ன எழுதுவாங்க, "கோப்புகள் இருந்து"ன்னா? துண்டு துண்டாக் குடுக்காதீங்க, முழு வாக்கியமாக் குடுங்க, நடுவுல எண் வர்ற இடத்துக்கும் ஃபோல்டர் வர்ற இடத்துக்கும் பேரு வச்ச ஓட்டை விட்டுக் குடுங்க, எந்த ஓட்டையை எங்க நகத்தணும்னு அவங்க பாத்துப்பாங்க.

அதோட போச்சான்னா போகாது, தமிழுக்கு வேற்றுமை உருபுன்னு ஒரு சமாச்சாரம் இருக்கே. "பெயர்" ஓட்டைக்குப் பக்கத்துல "க்கு"ன்னு போட்டு வச்சா, கண்ணன் வந்தா "கண்ணன்க்கு", மாலா வந்தா "மாலாக்கு". சரியா வரணும்னா "கண்ணனுக்கு", "மாலாவுக்கு". பேரோட கடைசி எழுத்தைப் பாத்து உருபை மாத்த கோட் எழுதறேன்னு ஒருத்தர் கிளம்பி ஒரு வாரம் உக்காந்தார், அப்புறம் "மரம்" வந்தா "மரத்துக்கு"ன்னு ஆகுதேன்னு பாத்துட்டு விட்டுட்டார். நான் பண்றது ரொம்ப எளிசு, வாக்கியத்தையே மாத்திடுவேன், "மாலாவுக்கு மெசேஜ் போயிடுச்சு"ன்னு சொல்றதுக்குப் பதிலா "மெசேஜ் போயிடுச்சு. பெறுபவர்: மாலா". கொஞ்சம் ஃபார்ம் மாதிரி இருக்கும், ஆனா எந்தப் பேர் வந்தாலும் பல்லிளிக்காது.

அடுத்தது ஒருமை பன்மை. "நம்பர் 1ஆ இருந்தா இது, இல்லைன்னா அது"ன்னு இஃப் போட்டிருப்பீங்க. தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் ரெண்டு வடிவம் போதும், சரி. ஜப்பானியத்துக்கு ஒண்ணே ஒண்ணு. அரபிக்கு 6. ஃபிரெஞ்சுல பூஜ்யம் ஒருமையோட சேரும், நம்ம மாதிரி பன்மையோட இல்ல. இந்தக் கணக்கையெல்லாம் யூனிகோட்காரங்க சிஎல்டிஆர்னு ஒரு தொகுப்புல மொழிவாரியா போட்டு வச்சிருக்காங்க, கெட்டெக்ஸ்ட், ஐசியூ மெசேஜ்ஃபார்மட் மாதிரி லைப்ரரி எதையாவது எடுத்துக்கிட்டா நீங்க இஃப் எழுதவே வேண்டாம்.

கேள்வி: அப்ப மெஷின் டிரான்ஸ்லேஷன் வச்சே எல்லா மொழியும் பண்ணிட்டா என்ன? இப்பதான் நல்லா பண்ணுதே.

பத்தி பத்தியா இருக்கற கட்டுரையை நல்லாத்தான் பண்ணுது, நானும் முதல் டிராஃப்டுக்கு வச்சுக்கறேன், பொய் சொல்ல மாட்டேன். மாட்டிக்கறது ஒத்தை வார்த்தையிலதான். ஒரு சைட்டுக்கு வேலை பாத்தப்ப மெனு, பட்டன் எல்லாத்தையும் மெஷின்ல போட்டு எடுத்து அப்படியே ஏத்திட்டாங்க. "ஹோம்" வீடு ஆயிடுச்சு. "சேவ்" காப்பாற்று. காலண்டர்ல "மே" மாசம் "இருக்கலாம்"னு வந்துச்சு. உச்சம் என்னன்னா, முந்தின பக்கத்துக்குப் போற "பேக்" பட்டன்ல பெரிய எழுத்துல "முதுகு". மூணு வாரம் அது லைவ்ல இருந்துச்சு, ஒருத்தரும் சொல்லல, ஏன்னா அந்த டீம்ல யாரும் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தே பாக்கல.

மெஷின் மேல தப்பு சொல்லவே மாட்டேன், "பேக்"னு ஒரு வார்த்தையை மட்டும் நீட்டினா மனுஷனும் முழிப்பான். வார்த்தையோட கூடவே "இது பட்டன், முந்தின பக்கம் போறதுக்கு"ன்னு ஒரு குறிப்பு எழுதுங்க, முடிஞ்சா ஸ்கிரீன்ஷாட் வைங்க. மனுஷனுக்கும் உதவும், மெஷினுக்கும் உதவும். அப்புறம், அந்த மொழி தெரிஞ்ச ஒருத்தர் போன்ல ஒரு தடவை சைட் முழுக்க நடந்து பாக்கணும், ஏன்னா இங்கிலீஷ்ல நாலு எழுத்து பட்டன் தமிழ்ல மூணு மடங்கு நீண்டு ரெண்டா உடையும், அது ஃபைல்ல பாத்தா தெரியாது.

மொழி தெரிஞ்ச ஆளே இல்லாம 20 மொழியில பக்கம் குவிக்கற திட்டம்னா, 2024 மார்ச்ல கூகுள் ஸ்பேம் பாலிசியைத் திருத்தினதைப் படிச்சுட்டு ஆரம்பிங்க. மெஷின் எழுதுச்சா மனுஷன் எழுதினானாங்கறது இல்ல அங்க கேள்வி, படிக்கறவனுக்கு உபயோகமில்லாம ரேங்க்குக்காக மொத்தமாக் கொட்டறதுதான் குத்தம்னு இருக்கு.

கேள்வி: எனக்குக் கண் பார்வை இல்ல, ஸ்கிரீன் ரீடர் வச்சுத்தான் படிக்கறேன். சில சைட்டுல தமிழ்ப் பக்கம் திறந்தா இங்கிலீஷ் குரல் ஏதோ உளறுது, இல்லைன்னா அமைதியாயிடுது. இது என் சாஃப்ட்வேர் கோளாறா?

இல்லீங்க, சைட் நடத்தறவங்க சோம்பேறித்தனம். ஹெச்டிஎம்எல் டேக்ல லாங்னு ஒரு இடம் இருக்கு, தமிழ்ப் பக்கத்துல அது டிஏன்னு இருக்கணும். டெம்ப்ளேட்டைக் காப்பி அடிச்சவங்க இஎன்னு அப்படியே விட்டுடறாங்க, உங்க ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி இங்கிலீஷ் குரலைக் கூப்பிடுது, அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மாற்றுத் திறனாளிகளும் சைட்டைப் பயன்படுத்தறதுக்கான டபிள்யூசிஏஜி விதிகள்ல இது ஏ லெவல், அதாவது ஆக அடிமட்டத் தகுதி, 2008ல வந்த 2.0ல இருந்தே இருக்கு. நடுவுல வேற மொழிப் பத்தி வந்தா அதுக்கும் தனியா குறி போடணும், அது ஏஏ லெவல். சைட் வச்சிருக்கற மத்தவங்க இந்த இதழைக் கீழ வச்சுட்டுப் போய் உங்க பக்கத்துல வியூ சோர்ஸ் பாருங்க, ஒரு நிமிஷம் ஆகாது.

கேள்வி: பேர் லிஸ்ட்டை அகர வரிசையில போட்டா "ன"வுல ஆரம்பிக்கறதெல்லாம் "ப"வுக்கு முன்னாடி வருது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதா?

நீங்க சொல்லித் தரல. யூனிகோட் கட்டத்துல "ந"வுக்கு அடுத்த வீட்டுல "ன", "ர"வுக்கு அடுத்த வீட்டுல "ற" உக்காந்திருக்கு. வெறுமனே வரிசைப்படுத்தினா வீட்டு நம்பர்படிதான் வரும். ஜாவாஸ்கிரிப்ட்னா வரிசைப்படுத்தற இன்ட்ல் கொலேட்டருக்கு டிஏன்னு சொல்லுங்க, டேட்டாபேஸ்னா தமிழ் கொலேஷன் (வரிசை விதி) இருக்கான்னு பாருங்க, நம்ம வரிசைக்கு வந்துடும்.

கேள்வி: மூணு மொழியில ஆரம்பிச்சோம். ஃபிரெஞ்ச் பாத்துக்கிட்டவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷமாச்சு. இங்கிலீஷ்ல மாத்தினது எதுவும் அங்க மாறல. எடுத்துடலாமா, இல்ல இருந்துட்டுப் போகட்டுமா? எடுக்க மனசு வரல.

இந்தத் தடவை வந்ததுலயே எனக்குப் பிடிச்ச கேள்வி இது, ஏன்னா எல்லாரும் மொழியைச் சேக்கறதைப் பத்தியே கேக்கறாங்க, அப்புறம் யார் சோறு போடறதுன்னு கேக்கறதில்ல.

முதல்ல பழசாகிப் போனது எதுன்னு கண்டுபிடிங்க. ஒவ்வொரு மொழிபெயர்ப்புப் பக்கத்துலயும் "எந்தத் தேதி இங்கிலீஷைப் பாத்து எழுதினது"ன்னு ஒரு குறிப்பு இருந்தா வேலை சுலபம். வேர்ட்பிரஸ் மாதிரியே சைட் நடத்தற சாஃப்ட்வேரான ட்ரூப்பல்ல மூலப் பக்கத்தைத் திருத்தறப்பவே மத்த மொழிப் பக்கங்களைப் பழசுன்னு குறிக்க ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, கெட்டெக்ஸ்ட் ஃபைல்ல மூல வாக்கியம் கொஞ்சம் மாறினா "ஃபஸ்ஸி"ன்னு குறிச்சுக் காட்டும். உங்ககிட்ட எதுவுமே இல்லைன்னா ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும், ரெண்டு காலம், ரெண்டு தேதி.

அப்புறம் பிரிங்க. "எங்களைப் பற்றி" மாதிரி பக்கம் ரெண்டு வருஷம் பழசானாலும் யாருக்கும் நஷ்டமில்ல, இருந்துட்டுப் போகட்டும். விலை, திருப்பி எடுக்கற நிபந்தனை, பாதுகாப்பு எச்சரிக்கை, இதெல்லாம் பழசா இருந்தா இல்லாததை விட மோசம், ஃபிரெஞ்சுல படிச்சவர் அதை நம்பித்தான் பணம் கட்டுவார். அந்தப் பக்கங்களை இன்னைக்கே எடுங்க, அந்தந்த இங்கிலீஷ் பக்கத்துக்கே 301 போடுங்க, எல்லாத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விடாதீங்க, தேடி வந்தவர் திருவிழாவுல தொலைஞ்ச மாதிரி நிப்பார். மத்த ரெண்டு மொழிப் பக்கத்துலயும் ஃபிரெஞ்ச் ஜோடியைக் காட்டற ஹெச்ரெஃப்லாங் வரியை எடுங்க, சர்ச் எஞ்சினுக்குக் குடுக்கற பக்கப் பட்டியலான சைட்மேப்ல இருந்தும் எடுங்க. மிச்சம் வச்ச பக்கத்துல மேல ஒரு வரி, ஃபிரெஞ்சுலயே, "கடைசியா இந்தத் தேதியில திருத்தினது, புது விவரம் இங்கிலீஷ்ல"ன்னு.

மெனுவுல மொழிப் பேரை எடுக்கறதைக் கடைசியா வைங்க. நிறைய பேர் அதை முதல்ல எடுத்துட்டு, வேலை முடிஞ்சுதுன்னு கையைத் தட்டிக்கிட்டுப் போயிடறாங்க. உள்ள இருந்து போற வழிதான் மூடும், சர்ச்ல இருந்து ஆள் வந்துக்கிட்டேதான் இருக்கும், பழைய விலையைப் பாத்துட்டு ஃபிரெஞ்சுல மெயில் போடுவாங்க, அதைப் படிக்கறதுக்கும் உங்ககிட்ட ஆள் இல்ல.